கேமரன் மலையிலிருந்து திரங்கானு கடற்கரைக்கு: சிங்கப்பூர் காரில் முதல்முறை போகிறவர்களுக்கு

சிங்கப்பூரின் மிக உயர்ந்த இடம் புக்கிட் தீமா. உயரம் 164 மீட்டர். பத்து ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறவருக்கும் இங்கே கிடைக்கும் மலைப் பழக்கம் பலமாடிக் கார்நிறுத்தத்தின் சரிவுப் பாதைதான். அதே கார், அதே கை, ஒரே நாளில் 1,500 மீட்டர் ஏறி, அடுத்து அவ்வளவும் இறங்கவேண்டும் என்றால் முன்கூட்டி யோசிக்கவேண்டியவை சில இருக்கின்றன.

இங்கே சொல்லும் மலேசியப் பாதை: ஜொகூர் பாரு, ஈப்போ, கேமரன் மலை, குவா மூசாங், கென்யிர் ஏரி, குவாலா திரங்கானு, குவாந்தான், மெர்சிங், மறுபடி ஜொகூர் பாரு. சுற்று ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். ஊருக்குள் அலைவதையும் சேர்த்து 1,650 என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 140 லிட்டர் பெட்ரோல் ஆகும். 7 நாள் வேண்டும். 5 நாளில் முடித்தோம் என்பார்கள், அவர்கள் பார்த்தது சாலையை மட்டும்தான்.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, கைப்பேசி வரைபடம் காட்டும் மணிக்கணக்கை நம்பித் திட்டம் போடுவது. மலையிலும் காட்டிலும் ஓட்டவேண்டிய பகுதிகளை முதலில் எடுத்து, அவற்றைக் காலை 8க்கும் மாலை 4க்கும் இடையில் பொருத்துங்கள். அதற்கேற்ப மற்ற நாள்களைப் பின்னோக்கிப் போட்டுக்கொண்டு வாருங்கள். ஓட்டல் அறை, சாப்பாடு, புறப்படும் கிழமை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எந்த மாதம்

மே முதல் செப்டம்பர் வரை நல்லது. நவம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கிழக்குக் கரையில் சாலைகள் நீரில் மூழ்கும், கடலில் இறங்க முடியாது, தீவுகளுக்குப் படகு ஓடாது. பிப்ரவரி கடைசிவரை இந்த நிலைதான். மலையில் மண்சரிவு அதிகமாக வருவதும் ஆண்டின் கடைசி மாதங்களில்.

தீபாவளி விடுமுறையை ஒட்டிக் கிளம்ப நினைக்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்கவேண்டும். பண்டிகை அக்டோபர் நடுவில் வந்தால் போகலாம். நவம்பரில் வந்தால் கிழக்குக் கரையை விட்டுவிடுங்கள். மலையை மட்டும் பார்த்துவிட்டு, மேற்குப் பக்கம் லூமுட் போய்ப் பங்கோர் தீவுக்குப் படகேறுங்கள். கடலும் கிடைக்கும், வெள்ளத்தில் மாட்டவும் மாட்டீர்கள். நோன்புப் பெருநாள் வாரம் எந்த ஆண்டிலும் வேண்டாம். மலேசியாவில் பாதிப் பேர் சொந்த ஊருக்குக் காரில் போகும் வாரம் அது.

புறப்படும் முன் கையில் இருக்கவேண்டியவை

முதலில் வி.இ.பி. எனப்படும் மலேசிய வாகன நுழைவு அனுமதி. ஜேபிஜே எனும் மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையின் இணையத்தளத்தில் பதிந்தால், காரை அடையாளம் காட்டும் ஆர்.எஃப்.ஐ.டி. மின்னணு வில்லை ஒன்று கிடைக்கும். அதைக் காரில் ஒட்டி, கணக்கில் செயல்படுத்தவேண்டும். ஒட்டிவிட்டுச் செயல்படுத்த மறப்பவர்கள் நிறையப் பேர். 5 ஆண்டுக்குச் செல்லும். 2025 ஜூலை 1 முதல் இது இல்லாத வெளிநாட்டுக் காருக்கு 300 ரிங்கிட் அபராதம். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

அடுத்தது டச் அன் கோ அட்டை. ஜொகூர் எல்லையில் ஒவ்வொரு நுழைவுக்கும் 20 ரிங்கிட் சாலைக் கட்டணம் இதிலிருந்துதான் போகும், விரைவுச்சாலைச் சுங்கமும் இதிலிருந்துதான். புறப்படும்போது 200 ரிங்கிட்டாவது இருக்கட்டும். ஒரு விஷயம்: வடக்கு தெற்கு விரைவுச்சாலையில் நுழையும்போது எந்த அட்டையைத் தொட்டீர்களோ, வெளியேறும்போதும் அதையேதான் தொடவேண்டும். நடுவில் ஓட்டுநர் மாறி, அவர் தன் பையிலிருந்து வேறு அட்டையை எடுத்து நீட்டினால் தடுப்பு திறக்காது. பின்னால் லாரிகள் ஹார்ன் அடிக்கும். அட்டையைக் காரிலேயே ஒரே இடத்தில் வைத்துவிடுங்கள்.

கடப்பிதழ் 6 மாதத்துக்காவது செல்லவேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டை தேவையில்லை. இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிகளும் வேலை அனுமதிக்காரர்களும் நுழைவதற்கு முந்தைய 3 நாள்களுக்குள் அதை இணையத்தில் நிரப்பவேண்டும். ஒரே காரில் அப்பா நிரந்தரவாசி, பிள்ளைகள் குடிமக்கள் என்ற குடும்பங்களில் இதுதான் விட்டுப்போகும்.

ஓட்டுநர் உரிமத்தின் அசல் அட்டை, காப்புறுதிச் சான்றிதழ், காரின் பதிவு விவரத் தாள் மூன்றையும் அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். காடுகளுக்குள் இணையம் கிடைக்காது. காப்புறுதி நிறுவனத்திடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: குவா மூசாங்கில் கார் நின்றுவிட்டால் எத்தனை கிலோமீட்டர் வரை இழுத்துப்போவீர்கள்? பதிலை எழுதி வாங்குங்கள். வாடகைக் கார் என்றால் மலேசியாவுக்கு எழுத்துமூல அனுமதியும் வி.இ.பி.யும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கட்டவேண்டும்.

காரைப் பட்டறையில் விடும்போது

'சர்வீஸ் பண்ணியாச்சு' என்பது போதாது. நான்கு விஷயங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பிரேக் எண்ணெய் மாற்றி 2 ஆண்டு ஆகியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் திரவம். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை குறையும். ஈசூனிலும் தோ பாயோவிலும் ஓடும்வரை அந்த வித்தியாசம் தெரியாது, நீண்ட இறக்கத்தில்தான் தெரியும். பிரேக் பட்டைகள் எவ்வளவு மிச்சம் என்று மில்லிமீட்டரில் கேளுங்கள். 4க்குக் கீழ் என்றால் இப்போதே மாற்றிவிடலாம்.

ஏற்றத்தில் இயந்திரம் சூடாகும் என்பதால் குளிர்விப்பு நீரின் அளவையும் விசிறி ஓடுகிறதா என்பதையும் பார்க்கவேண்டும். டயரின் பள்ளம் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும், ஆனால் மழையில் நனைந்த மலைச்சாலைக்கு 3 வேண்டும். காற்று அழுத்தத்தை ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணையில் பார்த்து, முழுச் சுமைக்கான அளவுக்கு வையுங்கள். 5 பேரும் பெட்டிகளும் ஏறிய காருக்கு வழக்கமான அழுத்தம் குறைவு.

கடைசியாக, பின்பெட்டியின் தரையைத் தூக்கிப் பாருங்கள். புதிய கார்கள் பலவற்றில் மாற்று டயர் கிடையாது. ஒரு சிறு பம்பும் ஒட்டுத் திரவக் குப்பியும்தான் இருக்கும். குப்பிக்குக் காலாவதித் தேதி உண்டு.

ஏன் ஞாயிற்றுக்கிழமை புறப்படவேண்டும்

வெள்ளி மாலையும் சனிக்கிழமை காலையும் உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளில் என்ன நடக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஞாயிறு அதிகாலை 5 மணிக்குள் எல்லையைத் தாண்டினால் அன்றிரவு ஈப்போ. வார இறுதிக் கூட்டம் மலையிலிருந்து இறங்கியபிறகு திங்களன்று நீங்கள் ஏறுவீர்கள். மலையிலுள்ள பிரிஞ்சாங் ஊரில் சனிக்கிழமை 5 கிலோமீட்டர் போக ஒரு மணி நேரம் ஆவதுண்டு, திங்கட்கிழமை அந்தத் தொல்லை இருக்காது. செவ்வாய் முழுதும் மலையில். புதன் காட்டுச்சாலை வழியாகக் கடற்கரைக்கு. வியாழன் குவாலா திரங்கானு. திரங்கானுவில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை, அதனால் வெள்ளி காலையிலேயே தெற்கே இறங்கி செராத்திங் அல்லது குவாந்தான். சனிக்கிழமை மாலை சிங்கப்பூர் திரும்பினால், நெரிசல் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் இருக்கும்.

பெட்ரோல் தொட்டி முக்கால் பங்குக்குக் குறையாமல் இருந்தால்தான் சிங்கப்பூர்க் காரை எல்லை தாண்ட விடுவார்கள். மீறினால் 500 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், திரும்பிப் போகவும் வேண்டியிருக்கும். முள் கோட்டின்மேல் நிற்கிறதா என்று வாதம் செய்யவேண்டாம், முந்தின இரவே நிரப்பிவிடுங்கள். சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையத்தின் மைஐசிஏ செயலியில் குடும்பம் முழுவதற்கும் ஒரே கியூஆர் குறியீடு எடுத்துவைத்தால் சிங்கப்பூர்ப் பக்கத்தில் கடப்பிதழ்களைக் கட்டாக நீட்டவேண்டியதில்லை. மலேசியப் பக்கத்துக்குக் கடப்பிதழ் கையில் இருக்கட்டும்.

மலேசியாவில் பெட்ரோல் போடும்போது மஞ்சள் கைப்பிடி கொண்ட குழாயைத் தொடாதீர்கள். அது மானியத்தில் விற்கும் ரோன் 95. வெளிநாட்டுப் பதிவெண் காருக்கு 2010லிருந்தே தடை. ரோன் 97தான் நமக்கு.

விரைவுச்சாலையில் உச்ச வேகம் 110. ஊர்களை இணைக்கும் கூட்டரசுச் சாலைகளில் 90, பண்டிகை நாள்களில் அதையும் குறைப்பார்கள். கேமராக்கள் உண்டு. கோலாலம்பூரின் நடுவே போகவேண்டாம். நீலாய் தாண்டியதும் எலீட் விரைவுச்சாலையில் பிரிந்து, ஷா ஆலம் பக்கமாகச் சுற்றி வடக்கே போங்கள். தூரம் சற்றுக் கூடும், பதற்றம் நிறையவே குறையும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்வுத்தளத்தில் நிறுத்துங்கள். பிளஸ் எனப்படும் வடக்கு தெற்கு விரைவுச்சாலையில் கார் நின்றுவிட்டால் 1800 88 0000. காரைவிட்டு இறங்கித் தடுப்புக்கு வெளியே நின்றுகொண்டு அழையுங்கள். அவசரத் தடத்தில் மோட்டார்சைக்கிள்கள் வேகமாக வரும்.

ஏற்றம்: தாப்பாவா, சிம்பாங் பூலாயா

கேமரன் மலைக்கு மேற்கிலிருந்து இரண்டு வழி. தாப்பா வழி பழையது. சுமார் 60 கிலோமீட்டர், குறுகல், வளைவுக்கு மேல் வளைவு, எதிரே பேருந்தும் காய்கறி லாரியும். ஈப்போ அருகிலுள்ள சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா போகும் சாலை அகலமானது, வளைவுகள் நீளமாக விரியும். முதல்முறை போகிறவர்கள் இரண்டாவதில்தான் போகவேண்டும். அதற்காகத்தான் ஈப்போவில் இரவு தங்குவது. தாப்பா வழியில் ரிங்லெட் வருவதற்குள் பின்னிருக்கையில் யாராவது வாந்தி எடுக்காமல் இருந்தால் அதிர்ஷ்டம்.

எந்த வழியானாலும் காலையில் நெய்த்தோசை வேண்டாம். இட்லி இரண்டு போதும். தலைசுற்றுகிறவரை முன்னிருக்கைக்கு மாற்றி, தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பேசி பார்க்கும் பிள்ளைதான் முதலில் புரட்டும்.

ஏறும்போது சிக்கன ஓட்ட முறையை அணைத்துவிடுங்கள். வெப்பமுள் ஏறினால் குளிர்சாதனத்தை நிறுத்தி ஜன்னலைத் திறக்கலாம், வெளியே எப்படியும் குளிர்தான். பிற்பகல் 3 மணிக்குமேல் மேகம் இறங்கிச் சாலையை மூடும். அதற்குமுன் நாம் தங்கும் மலையூரான தானா ராத்தாவில் இருக்கவேண்டும். பனிமூட்டத்தில் உயர் விளக்கு போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். தாழ்விளக்கே போதும்.

தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரம். இரவில் மெல்லிய ஸ்வெட்டர் தேவைப்படும். தமிழில் பேசிக் காரியம் முடிக்கக்கூடிய ஊர். தோட்டத் தொழிலாளர்களாக வந்த தலைமுறைகள் இங்கே வேரூன்றியிருக்கின்றன, வாழை இலைச் சாப்பாட்டுக்குத் தேடவேண்டியதில்லை. 1929இல் தொடங்கிய போ தேயிலை நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குப் போகும் சாலை, இரண்டு கார் ஒதுங்கினால்தான் கடக்கக்கூடிய அகலம். செவ்வாய் காலை 9 மணிக்குப் போய்விடுங்கள். மாலை திரும்பும்போது பெட்ரோல் நிரப்புங்கள், புதன்கிழமை காலைக்கு வைக்கவேண்டாம்.

இறக்கம்

புதன் காலை 8 மணி. கம்போங் ராஜாவிலிருந்து 185ஆம் எண் சாலை கிழக்கே லோஜிங் வழியாகக் குவா மூசாங்குக்கு இறங்குகிறது. இந்தப் பயணத்தில் காருக்கு உண்மையான சோதனை இங்கேதான்.

ஒன்றரை டன் கார் ஆயிரம் மீட்டருக்குமேல் இறங்கும்போது அந்த வேகத்தை யாராவது தின்றாகவேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அத்தனையும் பிரேக் தட்டில் சூடாகச் சேரும். முதலில் கருகிய வாடை வரும். பிறகு மிதி பஞ்சுபோல் மெதுவாகும். எண்ணெய் கொதித்துக் குமிழி கட்டிவிட்டதற்கு அதுதான் அடையாளம். அதற்குமேல் அழுத்தினால் மிதி தரையைத் தொடும், கார் நிற்காது.

ஆகவே வேகத்தை இயந்திரத்திடம் கொடுங்கள். தானியங்கிக் காரில் கியர்க் கம்பியை டியிலிருந்து எல், 2, எஸ் அல்லது மேனுவல் பக்கத்துக்கு நகர்த்துங்கள். ஹைபிரிட் கார்களில் பி (B) என்று இருக்கும். உடனே இயந்திரம் உறுமும், சுழற்சி முள் 3,000க்கும் 4,000க்கும் இடையே ஏறும். புதியவர்கள் பயந்துபோய் மறுபடி டிக்குத் தள்ளுவது இந்த இடத்தில்தான். உறுமல் சரியானதே. ஆக்சிலரேட்டரில் கால் இல்லாதபோது இன்றைய இயந்திரங்கள் பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். சத்தம் வருவதால் பெட்ரோல் குடிக்கிறது என்று நினைக்கவேண்டாம்.

அதன்பிறகும் பிரேக் தேவைப்படும். பாதத்தை லேசாக வைத்துத் தேய்த்துக்கொண்டே இறங்காதீர்கள். 50க்கு வந்ததும் ஒரே அழுத்தாக அழுத்தி 35க்குக் கொண்டுவாருங்கள், முழுதாக விடுங்கள். மறுபடி 50 வரும்வரை பிரேக் ஆறும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் போனபின் அழுத்தக்கூடாது.

வாடை வந்துவிட்டால் அகலமான ஓரத்தில் நிறுத்தி அரை மணி நேரம் காத்திருங்கள். தண்ணீர் ஊற்றினால் சூடான தட்டு கோணிக்கொள்ளும். கைப்பிரேக்கையும் இறுக்கவேண்டாம், பார்க்கிங் (P) கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

சாலையோரப் பலகைகள் மலாயில்தான் இருக்கும். 'குனா கியர் ரெண்டா' என்றால் தாழ்ந்த கியரில் போ. 'குராங்கான் லாஜு' வேகத்தைக் குறை. 'தானா ருந்து' மண்சரிவு. 'லெஞ்சோங்கான்' மாற்றுவழி. 'காவாசான் லிந்தாசான் காஜா' என்ற பலகையில் யானைப் படமே போட்டிருக்கும், மொழிபெயர்க்கத் தேவையில்லை.

குவா மூசாங்குக்குப் பிறகு

குவா மூசாங்கில் பெட்ரோல் பாதிக்குமேல் இருந்தாலும் நிரப்புங்கள், கழிப்பறைக்குப் போங்கள், சாப்பிடுங்கள். அடுத்துக் குவாலா பெராங் வரை 180 கிலோமீட்டருக்குமேல் காடும் செம்பனைத் தோட்டமும்தான். கைப்பேசித் தொடர்பு நெடுந்தூரம் அறுந்துபோகும், ஆகவே வரைபடத்தை ஓட்டலிலேயே பதிவிறக்கி வையுங்கள். காரில் 5 லிட்டர் தண்ணீர், பிஸ்கட், டார்ச் விளக்கு. பகல் 12க்குள் இங்கிருந்து கிளம்பிவிட வேண்டும்.

யானைகள் இந்தச் சாலையைக் கடப்பது வழக்கம், அதிலும் அந்தி நேரத்தில். சாலை நடுவில் புதுச் சாணம் கிடந்தால் வேகத்தைக் குறையுங்கள். யானையைக் கண்டால் குறைந்தது 50 மீட்டர் முன்பே நிறுத்துங்கள். இயந்திரம் ஓடட்டும், பின்னோக்கிப் போகத் தயாராக இருங்கள். ஹார்ன் வேண்டாம், விளக்கை அடித்துக் காட்டவேண்டாம், படமெடுக்க இறங்கவே வேண்டாம். ஒன்று கடந்ததும் கிளம்பாதீர்கள், பின்னால் குட்டி வரும். 'விநாயகரைக் கண்டோம்' என்று கும்பிடுவதைக் காருக்குள் இருந்தபடி செய்யலாம்.

வலப்பக்கம் தண்ணீர் தெரிய ஆரம்பித்தாலும் இடப்பக்கம் தெரிந்தாலும் அது கென்யிர் ஏரி. 1985இல் முடிந்த அணைக்கட்டால் உருவானது. முன்னொரு காலத்து மலையுச்சிகள் இப்போது தீவுகளாக நிற்கின்றன. நேரமிருந்தால் அரை மணி நில்லுங்கள். மாலை 4 அல்லது 5க்குக் குவாலா திரங்கானு.

கடற்கரையில்

இங்கே புதியவர்களைத் திணறடிப்பது சாப்பாடுதான், அதுவும் சைவம் என்றால். கேமரனில் இருந்த வசதி கிழக்குக் கரையில் இல்லை. காய்கறிப் பிரட்டலில் பெலாச்சான் எனும் இறால் விழுது இருக்கும், சம்பாலில் நெத்திலி இருக்கும், கெரோப்போக் லேக்கோர் முழுக்க மீன். 'தா மாக்கான் இக்கான், தா மாக்கான் டாகிங்' (மீன் சாப்பிடமாட்டேன், இறைச்சி சாப்பிடமாட்டேன்) என்று சொல்லிவிட்டு, 'பெலாச்சான் பூன் தா போலே' (பெலாச்சானும் கூடாது) என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு சிறு ரைஸ் குக்கரும் ஊறுகாயும் கொண்டுபோனால் சண்டை வராது. மீன் சாப்பிடுகிறவர்களோ மீன் கறியோடு வரும் நாசி டாகாங் சோறு ஒன்றுக்காகவே வரலாம், ஆனால் அது காலை உணவு, 10 மணிக்குப் போய்க் கேட்டால் தீர்ந்திருக்கும்.

வெள்ளி நண்பகலில் தொழுகை நேரம் கடைகள் மூடும். செங்கொடி கட்டிய கடற்கரையில் முழங்காலளவுகூட இறங்கவேண்டாம்.

வீடு திரும்பும் நாள்

குவாந்தானிலிருந்து பெக்கான், ரொம்பின், எண்டாவ், மெர்சிங், கோத்தா திங்கி வழியாக ஜொகூர் பாரு சுமார் 330 கிலோமீட்டர். பெரும்பகுதி போக ஒரு தடம், வர ஒரு தடம். 6 மணி நேரம் வையுங்கள், காலை 8க்குக் கிளம்புங்கள். செம்பனை லாரிக்குப் பின்னால் அரை மணி நேரம் ஊரவேண்டியிருக்கும். லாரிக்காரர் இடது விளக்கைச் சிமிட்டினால் 'முந்திக்கொள்' என்கிறார், வலது என்றால் 'வராதே'. ஆனால் அவர் திரும்பப்போவதற்கும் அதே விளக்குதான். உங்கள் கண்ணுக்கு எதிர்ச்சாலை தெரியாதவரை முந்தாதீர்கள், இரட்டைக் கோட்டில் எப்போதும் வேண்டாம். மெர்சிங்கில் மதிய உணவு, பெட்ரோல். மெர்சிங்குக்கும் கோத்தா திங்கிக்கும் நடுவிலும் யானைப் பலகைகள் உண்டு, இருட்டுவதற்குள் தாண்டுங்கள்.

சிங்கப்பூர் சுங்கத்தில் கணக்கு இப்படி: 48 மணி நேரத்துக்குமேல் வெளியே இருந்தவர் 500 வெள்ளி வரை மதிப்புள்ள புதுப் பொருள்களுக்குப் பொருள் சேவை வரி கட்டவேண்டாம். வேலை அனுமதியிலும் நீண்டகால அனுமதியிலும் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. மலேசியாவிலிருந்து வரும் யாருக்கும் மதுபானத்துக்குத் தீர்வைச் சலுகை கிடையாது, சிகரெட்டுக்கும் கிடையாது. கேமரன் ஸ்ட்ராபெரியையும் தேயிலைத் தூளையும் சொந்தத் தேவைக்குக் கொண்டுவரலாம். ஸ்ட்ராபெரி மட்டும் புதன்கிழமை வாங்கியதாக இருந்தால் சனிக்கிழமை அதைக் காட்ட ஒன்றும் மிஞ்சியிருக்காது, ஜாமாக வாங்குங்கள்.